இசைதலும் பணிதலும்: புதுமுக மாணவனின் முதலாண்டு

பல்கலைக்கழகத்திற் புதிதாக அடியெடுத்து வைப்பவனைப் 'புதுமுக மாணவன்' என அழைப்பது இலங்கை வழக்கு. பொருத்தமான பெயர்தான். அவன் முகம் அங்குள்ளோர்க்குப் புதிது. அங்குள்ளோர் முகங்கள் யாவும் அவனுக்குப் புதியன. ஆயினும் அப்பெயருக்குள் ஒரு தவணையும் அடங்கியிருக்கின்றது. ஓராண்டு கழிந்ததும் அப்புதுமுகம் பழகிய முகமாகிவிட வேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. எதற்குப் பழகுவது, எந்த அளவிற்குப் பழகுவது என்பவற்றை அவனுக்கு எவரும் விளக்குவதில்லை. வீட்டிலே தாயும், பஸ் நிலையம்வரை வந்து வழியனுப்பும் தமையனும், விடுதியில் முதலிற் சந்திக்கும் ஊரவனும் ஒரே சொல்லையே கூறுவர்: "சமாளித்துக்கொள்."

இச்சொல் இரு பொருளுக்கு இடந்தருவது. புதிய சூழலின் இயல்பை அறிந்து, தன்னிடமுள்ளதை இழக்காது, அதனோடு பொருந்த வாழக் கற்பது ஒன்று; அதனை இசைதல் எனலாம். வலியது எதுவோ அதற்குத் தலைகுனிந்து, வினாவெழுப்பாது காலத்தைக் கடத்துவது மற்றொன்று, அது பணிதல். புறத்தே நின்று நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் மாணவன் அமைதியாகவே காணப்படுவான். இரண்டு வழியாலும் அடுத்த ஆண்டிற்குத் தேறிவிடவும் கூடும். ஆனால் நான்கு ஆண்டுகளின் பின்னர் பட்டத்தோடு வெளியேறும்போது, இவ்விரு வழியிற் சென்றோரும் ஒரே தன்மையினராக இருப்பதில்லை. முதலாண்டின் இடர்ப்பாடுகளை நோக்கும்போது இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இன்றைய புதுமுக மாணவன் யார் என்பதை முதலில் நோக்குவோம். 1921இற் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியிலும், 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றோர் தொகையிற் சிலரே. அவர்களுட் பெரும்பாலார் ஆங்கிலமூலக் கல்லூரிகளிற் படித்தவர்கள். அவர்களுக்கு விரிவுரை மண்டபம் பள்ளிக்கூடத்தின் நீட்சியாகவே அமைந்தது. 1952இற் பேராதனையில் வதிவிடப் பல்கலைக்கழகமாக வாழ்வு தொடங்கிய பின்னரும் சில ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது. 1960இற் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாகத் தொடங்கியபோது கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகமும், 1980களிற் கிழக்கிலங்கையில் உயர்கல்வி நிறுவனமும் தோன்றின. இன்று விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் முதலிய துறைகளில் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றது. ஆகவே ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் மூவரில் ஒருவன் நகரத்துப் பெருங்கல்லூரியில் ஆய்வுகூட வசதிகளோடு படித்தவனாக இருக்கலாம். ஒருவன் இடம்பெயர்ந்து மூன்று பாடசாலைகள் மாறியவனாக இருக்கலாம். ஒருத்தி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்திற்கு வந்தவளாக இருக்கலாம். மூவருக்கும் விரிவுரை ஒன்றுதான். அதற்கு வந்து சேர அவர்கள் கடந்த தூரம் ஒன்றன்று.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுப்பயிற்சி இருப்பதையும் மறுப்பதற்கில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சை என்னும் ஒரே குறிக்கோளை நோக்கி அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்திருக்கின்றனர். பள்ளிக்கூடம் விட்டதும் தனியார் கல்வி நிலையம். அங்கிருந்து வந்ததும் கடந்தகால வினாத்தாள்கள். எந்த வினாவிற்கு எத்தனை வரி எழுதினால் எத்தனை புள்ளி கிடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். விடை ஏற்கெனவே எங்கோ உள்ளது, அதனைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பதே கல்வி என்ற நம்பிக்கை அங்கு வேரூன்றுகின்றது. பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை நீளும் இடைக்காலத்திற் பலர் தாமே கல்வி நிலையங்களிற் படிப்பிக்கவும் தொடங்கிவிடுவர். அந்நம்பிக்கை அதனால் மேலும் உறுதிப்படும்.

இத்தகைய மாணவன் முதல் வாரத்தில் விரிவுரை மண்டபத்தில் அமர்கின்றான். விரிவுரையாளர் வருகின்றார், ஒரு மணி நேரம் பேசுகின்றார், ஐந்தாறு நூல்களின் பெயர்களைத் திரையிற் காட்டிவிட்டுச் செல்கின்றார். எழுதுவதற்கு எவரும் குறிப்புச் சொல்லவில்லை. எது முக்கியம், எது பரீட்சைக்கு வரும் என்று கூறவுமில்லை. ஒரே பொருள் பற்றி இரண்டு அறிஞர் இருவேறு கருத்துரைக்கின்றனர் என்று கூறி, எது சரியென்று சொல்லாமலே அவர் போய்விடுகின்றார். மாவட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவன் அன்று முதன்முறையாகத் தன்னை ஏதுமறியாதவனாக உணர்கின்றான். தனக்கு மட்டுமே விளங்கவில்லை என்று அவன் எண்ணுகின்றான். அருகிலிருப்பவனும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

இங்கு ஒரு கணக்கைக் கூறுதல் பொருந்தும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி என்பது மாணவனின் 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரைவழிக் கற்கையில் ஒரு திறமைப்புள்ளிக்கு நடைபெறும் விரிவுரை 15 மணிநேரமே. எஞ்சிய 35 மணிநேரம் நூலகத்திலும் அறையிலும் நண்பரோடு செய்யும் விவாதத்திலும் அவனே தேடிக்கொள்ள வேண்டியது. முழுநேரக் கற்கையில் ஆண்டிற்கு 30 திறமைப்புள்ளிகள் என்றால், 1,500 மணிநேரக் கற்றலில் ஏறத்தாழ 1,000 மணிநேரம் ஆசிரியரில்லாத நேரமாகும். பள்ளிக்கூடத்தில் அவனது நாளை மணியோசை பங்கிட்டுக் கொடுத்தது. இங்கு இரண்டு விரிவுரைகளுக்கிடையே மூன்று மணிநேரம் வெறுமையாகக் கிடக்கின்றது. அவ்வெறுமையை ஓய்வு என்று கொள்பவன் முதல் அரையாண்டுப் பெறுபேறு வெளிவரும் நாளில் திகைத்து நிற்கின்றான். அவனது அறிவிற் குறைவில்லை. எவரும் ஏவாத வேளையிற் படிக்கும் பழக்கம் அவனிடம் வளரவில்லை என்பதே உண்மை.

மொழி இடர்ப்பாடு இதனினும் கூர்மையானது. விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் பயின்று வந்தவனுக்கு 'ஆர்முடுகல்' என்றால் என்னவென்று நன்கு தெரியும். வேகம் காலத்தோடு மாறும் வீதத்தை அவன் வரைபில் வரைந்து காட்டுவான். சமன்பாட்டை உறக்கத்திலும் எழுதுவான். விரிவுரையாளர் 'அக்செலரேஷன்' என்று உச்சரிக்கும்போது, தனக்குத் தெரிந்த அப்பொருளே புதுச் சட்டை அணிந்து வந்திருக்கின்றது என்பதை அறிய அவனுக்குச் சில கணங்கள் பிடிக்கின்றன. அதற்குள் விரிவுரை இரண்டு வாக்கியம் முன்னே சென்றுவிடுகின்றது. உந்தம், ஒளித்தொகுப்பு, மூலக்கூறு என ஒவ்வொரு சொல்லுக்கும் இதுவே நிகழ்கின்றது. கலைப்பீடத்து மாணவனுக்கு விரிவுரை தமிழிற் கிடைப்பினும், பரிந்துரைக்கப்படும் நூல்களிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உண்டு. இந்நிலையில் அவன் தனக்கு அறிவு போதாதெனத் தவறாக முடிவு செய்துவிடுகின்றான். அறிவு அவனிடம் உண்டு. அதற்கு இன்னொரு பெயர் தெரியவேண்டியதுதான் எஞ்சியுள்ளது. ஒவ்வொரு விரிவுரைக்கும் பத்துச் சொற்களைத் தமிழும் ஆங்கிலமுமாக இருபத்தியில் எழுதி வந்தவர்கள் சில மாதங்களில் இத்தடையைக் கடந்திருக்கின்றனர். தமிழ்ச் சொல்லை அழித்துவிட்டு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்வது இதற்குத் தேவையன்று. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்பவன் பொருளைப் பெயரினின்று பிரித்தறியும் ஆற்றலையும் பெறுகின்றான். இசைதல் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேடிக்கை யாதெனில், ஆங்கிலம் மிகத் தேவைப்படும் இதே ஆண்டிற்றான் அதனைப் பேசக்கூடாதென்ற தடையும் அவனுக்கு விதிக்கப்படுகின்றது. பல்கலைக்கழக மாணவரின் சிங்களக் குழூஉக்குறியில் ஆங்கிலத்திற்கு 'கடுவ' என்று பெயர். வாள் என்பது அதன் பொருள். உள்ளவன் இல்லாதவனை வெட்டப் பயன்படுத்தும் ஆயுதம் என்ற கசப்பு அச்சொல்லுள் உறைந்துள்ளது. அக்கசப்பிற்கு வரலாற்றுக் காரணம் உண்டென்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் வாளைக் கண்டு வெறுப்பதனால் வாளில்லாதவன் காக்கப்படுவதில்லை. நகரத்து மாணவன் வீட்டிற்குச் சென்றால் ஆங்கிலம் பேசுவான். கிராமத்து மாணவனுக்கோ பிழையாகவேனும் பேசிப் பழகக்கூடிய ஒரேயிடம் பல்கலைக்கழகந்தான். அவ்விடத்தில் அவன் வாயை அடைப்பது, அவனைக் காப்பதாகக் கூறிக்கொண்டே அவன் பங்கைப் பறிப்பதாகும்.

இத்தடை பகிடிவதையின் ஒரு கிளை. புதுமுக மாணவரிடையே ஏற்றத்தாழ்வு நீங்கவேண்டும், அனைவரும் ஒரே அணியாகத் திரளவேண்டும், அதற்கே இவ்வழக்கம் என்று அதனை ஆதரிப்போர் கூறுவர். இன்ன உடை, இன்ன காலணி, இன்ன வழியால் நடத்தல், மேல்வகுப்பினரைக் கண்டால் இன்னவாறு நிற்றல் என்ற கட்டளைகள் சமத்துவத்தின் பெயரால் இடப்படுகின்றன. கட்டளையிடுவோரும் கீழ்ப்படிவோரும் உள்ள இடத்திற் சமத்துவம் எங்ஙனம் இருக்கும் என்ற வினாவை மட்டும் கேட்க இயலாது. 1997இற் பொறியியல் பயில வந்த ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையினால் உயிரிழந்தான். எத்தனையோ இரவுகள் விழித்திருந்து படித்து, ஊரே மகிழ வழியனுப்பப்பட்டவனின் உடல் வீட்டிற்குத் திரும்பியது. அதனையடுத்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. இரண்டாண்டுவரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவிப்பின் பத்தாண்டுவரை சிறை. சட்டம் இத்துணைத் தெளிவாக இருந்தும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

ஏன் என்பதை ஆராய்வது பயனுடையது. அச்சம் மட்டும் இதற்குக் காரணமன்று. பகிடிவதைக்கு உட்பட்டவனுக்குப் பின்னர் கைம்மாறாகச் சில நன்மைகள் கிடைக்கின்றன. பழைய குறிப்புகள், விடுதியில் ஆதரவு, நோயுற்றால் உதவி, அணியின் நட்பு ஆகியன அவனுக்கு உண்டு. மறுத்தவனோ ஒதுக்கப்படுகின்றான், அவனோடு பேசுவதற்கும் சக மாணவர் தயங்குகின்றனர். வீட்டைவிட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்த இருபது வயதுப் பிள்ளைக்கு உணவு மண்டபத்திலே தனியே அமர்ந்து உண்பதைவிடக் கொடிய தண்டனை வேறில்லை. அவன் பணிவது பெரும்பாலும் இத்தனிமைக்கு அஞ்சியே. ஆகவே தனிமையை நீக்கும் வேறு வழிகளைத் திறந்துவிடாது, 'துணிந்து மறுத்துவிடு' என்று அவனுக்கு உபதேசிப்பது அரைகுறை உதவியாகவே முடியும்.

அத்தகைய வழிகள் பல்கலைக்கழகத்துள்ளேயே உள்ளன. 'குப்பி' என்று மாணவர் அழைக்கும் வகுப்பு அவற்றுள் ஒன்று. பரீட்சை நெருங்கும் நாட்களில் மேல்வகுப்பு அண்ணா ஒருவரோ அக்கா ஒருவரோ, சில வேளை அதே அணியிற் பாடம் நன்கு விளங்கிய ஒருவனோ, மரத்தடியிலோ வெறுமையான வகுப்பறையிலோ ஏனையோரை இருத்திப் பாடத்தை விளக்குவர். கட்டணமில்லை; வரவுப் பதிவில்லை. விரிவுரை மண்டபத்திற் கேட்க வெட்கப்பட்ட வினாவை இங்கு அவரவர் தத்தம் பேச்சுமொழியிற் கேட்கலாம். குப்பி என்பது மண்ணெண்ணெய் விளக்கிற்கும் பெயர். 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ், மின்சாரமின்றிப் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த வடபுலத்துத் தலைமுறைக்கு அப்பெயரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவனை இழிவுபடுத்தாமலே அவனுக்கு அண்ணனாக இருக்கமுடியும் என்பதற்குக் குப்பி வகுப்பே சான்று.

விடுதி வாழ்க்கையும் ஒரு பள்ளிக்கூடந்தான். பிட்டும் சொதியும் உண்டு பழகியவன் காலையிற் பாணும் பருப்பும் உண்ணப் பழகுவது சிறிய காரியம். பணத்தைப் பங்கிட்டுச் செலவிடப் பழகுவது அதனினும் பெரியது. 1981இல் உருவான மகாபொலப் புலமைப்பரிசில் பலருக்குக் கைகொடுப்பினும், முதல் தவணை கைக்கு வருமுன் கழியும் மாதங்களிற் பலர் வீட்டிற்கும் சொல்லாமல் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொள்வதுண்டு. தொலைபேசியிற் "சாப்பிட்டாயா மோனை?" என்று தாய் கேட்கும்போது "ஓம் அம்மா" என்ற விடை உடனே வந்துவிடும். தோட்டத்திலிருந்து வந்த மாணவி தன் நாட்கூலிப் பெற்றோரிடம் பணம் கேட்பதற்கு வெட்கி, தனக்கு உரித்தான உதவிக்கும் விண்ணப்பிக்காது இருப்பதுண்டு. உதவி கேட்பதை இழிவென்று கருதும் இம்மனப்பாங்கை மாற்றுதல் வேண்டும். மாணவ ஆலோசகர் என ஒவ்வொரு பீடத்திலும் உள்ளவர்கள் இதற்கெனவே நியமிக்கப்பட்டவர்கள்.

அறைத்தோழன் பிறமொழியினனாக அமைதல் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் இயல்பு. தமிழ் வீடுகளில் இதுபற்றி உள்ளூர ஓர் அச்சம் உண்டு, அது காரணமற்றதுமன்று. 1983இன் பின்னர் தென்னிலங்கையிற் பயின்ற தமிழ் மாணவர் பலர் படிப்பை இடைநடுவிற் கைவிட்டு வடக்கிற்குத் திரும்ப நேர்ந்ததை முன்னைய தலைமுறை மறக்கவில்லை. அந்நினைவை மறக்கும்படி புதுமுக மாணவனிடம் கேட்பது நேர்மையாகாது. ஆயினும் குருநாகலிலிருந்து வந்த ஒருவனும் கரவெட்டியிலிருந்து வந்த ஒருவனும் ஓரறையில் வாழும்போது, ஒருவன் காய்ச்சலிற் படுத்தால் மற்றவன் கஞ்சி வாங்கி வருகின்றான். ஒருவன் சிங்களத்தில் எண்ணக் கற்கின்றான். மற்றவன் தமிழில் நலம் விசாரிக்கக் கற்கின்றான். இரு பக்கமும் நகர்ந்தால் அது இசைதல். ஒரு பக்கம் மட்டுமே நகர்ந்து தன் மொழியைத் தாழ்ந்த குரலிற் பேசப் பழகுமாயின் அது பணிதலாகும்.

தமிழ் மாணவர்க்குள்ளேயே உள்ள குறையொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். தனிமையிலிருந்து தப்ப அவர்கள் முதலில் நாடுவது ஊர்க் கூட்டத்தையே. யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம், மட்டக்களப்பார் ஒரு பக்கம், மலையகத்தார் ஒரு பக்கம் என்று வட்டங்கள் முதல் மாதத்திலேயே அமைந்துவிடும். பேராதனையில் குறிஞ்சிக்குமரன் கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசையில் ஒன்றாக நிற்போர் உணவு மேசையிற் பிரிந்து அமர்தல் உண்டு. மலையகத்து மாணவியின் பேச்சைக் கேட்டு நகைப்பவனும், தன் பேச்சைக் கேட்டுப் பிறர் நகைத்ததற்காக மனம் நொந்தவனும் ஒருவனேயாக இருத்தல் கூடும். ஊர் வட்டம் முதல் மாதத்திற் புகலிடம். அதற்கப்பாலும் அதனுள்ளேயே இருப்பவன் தன் ஊரைவிட்டு இன்னும் புறப்படவில்லை என்றே கொள்ளவேண்டும்.

புதுமுக மாணவன் வெறுங்கையனாக வருவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்திப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இல் மேடையேறியது. இராவணேசன் முதலியன தொடர்ந்தன. அக்கூத்துக்கு வேண்டிய ஆட்டமும் தாளமும் நூலகத்திற் கிடைத்தவையல்ல. கிழக்கிலங்கைக் கிராமங்களின் களரிகளில் அவை வாழ்ந்தன; அக்கிராமங்களிலிருந்து வந்த மாணவர் அவற்றைத் தம் உடலிற் சுமந்து வந்தனர். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அத்தகைய மட்டக்களப்பு மாணவரே. அவர் பின்னாளிற் பேராசிரியராகிக் கூத்தாய்விலும் அரங்கிலும் பெரும்பணி ஆற்றினார். நகரத்தார் முன் நாட்டுப்புறத்தானாகத் தோன்றக்கூடாதென்று அம்மாணவர் தம் கூத்தை மறைத்திருப்பாராயின், ஈழத்துத் தமிழரங்கின் வரலாறு வேறாக இருந்திருக்கும். மாணவன் பல்கலைக்கழகத்திற்கு இசைய, பல்கலைக்கழகமும் மாணவனுக்கு இசைந்த காலம் அது.

ஆகவே முதலாண்டிற் புதுமுக மாணவன் பழக வேண்டியவை பல. தானே தேடிப் படிக்கவும், விளங்காததை விளங்கவில்லை என்று கூறவும், பிறமொழியைப் பிழையாகவேனும் பேசவும், உரித்தான உதவியைக் கேட்டுப் பெறவும் அவன் பழகவேண்டும். தன் பேச்சை, தன் ஊரை, தன் வறுமையை எண்ணி நாணுவதற்கு மட்டும் அவன் பழகலாகாது. அதனைப் பழக்க முனைவோர் எவராயினும், அண்ணா என்று அழைக்கப்படுவோராயினும், அவர்க்கு இசையவேண்டிய கடமை அவனுக்கில்லை.

இவ்வாண்டில் அவன் எதனைக் கற்றான் என்பதை அறிய ஒரு பரீட்சை உண்டு. அதற்கு வினாத்தாளில்லை, புள்ளியில்லை. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அடுத்த அணியினர் பெட்டிகளோடு விடுதி வாயிலில் வந்திறங்கும் நாளே அப்பரீட்சைக்குரிய நாள். அவர்களுள் ஒருவன் கையிலே கடிதத்துடன், எந்தப் பக்கம் செல்வதென்று தெரியாது, எவரிடம் கேட்பதென்றும் தெரியாது நிற்பான். சென்ற ஆண்டின் புதுமுகம் அன்று அவனருகே செல்லும்போது வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் கட்டளையா, "தம்பி, எந்த இடம்? பெட்டியைத் தாரும்" என்பதா என்பதே விடை.